தலை கொடுத்தவர் கடன்

மனிதன் தலை குனியும் இடங்கள் சில உண்டு. இறைவன் திருமுன் குனிகிறான். பெற்றோர் முன்னும் ஆசான் முன்னும் குனிகிறான். இவை அவன் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் வணக்கங்கள். சொல்லிக்கொள்ளாத குனிவும் ஒன்று உண்டு. முடிதிருத்தும் கடையின் நாற்காலியில் அமர்ந்து, கழுத்தைச் சுற்றித் துணி போர்த்தப்பட்டபின், "தலையைக் கொஞ்சம் குனியுங்கள்" என்னும் சொல் பிறந்தவுடன், எவனும் மறுப்பின்றிக் குனிகிறான். அமைச்சனும் குனிகிறான், ஆசிரியனும் குனிகிறான், கடன் கொடுத்தவனும் கடன்பட்டவனும் ஒரே அளவாகக் குனிகின்றனர். பிறர் எவர் சொன்னாலும் சினந்தெழக்கூடிய ஒரு கட்டளைக்கு, அங்கே மட்டும் மனிதன் குழந்தையைப் போல் பணிகிறான். கால் மணி நேரம் கழித்து எழுகிறான், காசு கொடுக்கிறான், நிமிர்ந்து வெளியே நடக்கிறான். அவ்வாறு நடந்து செல்பவன், தான் பட்ட கடனை முழுமையாகத் தீர்த்துவிட்டுத்தான் செல்கின்றானா? சிறிய வினாவாகத் தோன்றினும், இதனுள் பெரியதோர் அறம் அடங்கியுள்ளது.

பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு என்றொரு பழந்தெரு உண்டு. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் குடியேற்றத்தைத் தொடங்கிய பின்னர், சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழ் முசுலிம் வணிகர்கள் இப்பகுதியில் நிலைகொண்டனர். அவர்களுக்குச் சூலியர் என்று பெயர். அப்பெயரே தெருவுக்கும் ஆயிற்று. நாகூர்ப் பெரியாரை நினைவுகூரும் தர்கா இத்தெருவில் உள்ளது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், குவீன் தெருவின் மகாமாரியம்மன் ஆலயமும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. துணிக்கடையும் மளிகைக்கடையும் பூக்கடையும் உணவுக்கடையும் செறிந்த இவ்வட்டாரத்தில் முடிதிருத்தும் கடையும் ஒப்பனை நிலையமும் இன்றியமையாதன. புலம்பெயர்ந்த தமிழன் எங்கே குடியேறினாலும், அவனுக்குப் பின்னாலேயே கோயிலும் உணவுக்கடையும் கத்தரிக்கோலும் வந்து சேர்ந்தன.

இத்தெருவை ஒட்டிய கடையொன்றுக்கு முப்பது ஆண்டுகளாகச் சென்று வரும் வாடிக்கையாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவருக்குப் பெயர் தேவையில்லை. அத்தகையோர் ஊர்தோறும் உளர். அவர் நல்லவர். பேரம் பேசுவதில்லை. தீபாவளிக்கு முன்னாள் கடையில் கூட்டம் நெரியும்போதும் தம் முறை வரும்வரை நாளிதழைப் புரட்டிக்கொண்டு அமைதியாகக் காத்திருக்கிறார். சில்லறை மிஞ்சினால் திருப்பிக் கேட்பதில்லை. "அண்ணே, வழக்கம் போல" என்று இரண்டு சொல் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்கிறார். அவருடைய தலையின் சுழி எங்கே, காதின் பின்னால் பழைய தழும்பு எங்கே, எந்தப் பக்கம் முடி அடங்காது நிற்கும் என்பதெல்லாம் அவருடைய மனைவியைக் காட்டிலும் முடிதிருத்துபவருக்கு நன்கு தெரியும்.

ஒரு நாள் அவர் திருமண விருந்தொன்றுக்குச் செல்கிறார். பந்தியில் தமக்கு எதிர் வரிசையில் அதே முடிதிருத்துபவர், தூய வேட்டி சட்டையுடன், குடும்பத்தோடு அமர்ந்திருப்பதைக் காண்கிறார். அவர் முகம் மலர்ந்து எழ முற்படுகிறார். வாடிக்கையாளரோ தம் அருகில் இருக்கும் பெரிய மனிதர்களை ஒரு நொடி எண்ணுகிறார். பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். பெரிய கொடுமை எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. ஒரு சொல்லும் பேசப்படவில்லை. ஆயினும், எழ முற்பட்ட ஒரு மனிதர் மீண்டும் அமர்ந்துவிட்டார். முப்பது ஆண்டு வாடிக்கை அந்த ஒரு நொடியில் தன் உண்மை விலையைக் காட்டிவிட்டது.

இதில் குற்றம் என்ன என்று கேட்போர் உண்டு. அவர்களுடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. "வேலைக்குக் கூலி கொடுத்தாயிற்று. கணக்குத் தீர்ந்தது. பேருந்து ஓட்டுநரையும் அஞ்சல்காரரையும் பந்தியில் எழுந்து நின்று வரவேற்கிறோமா? கடையில் வாங்குபவனும் விற்பவனும் என்ற உறவு மட்டுமே உண்டு. அதற்கு மேல் உறவு கொண்டாடினால் இருவருக்கும் தொல்லை" என்பது அவர்கள் கூற்று.

இக்கூற்றில் வரலாற்று உண்மை ஒன்று பொதிந்துள்ளது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முடிதிருத்துவோருக்கு அந்தந்த வேலைக்குக் காசு கொடுக்கும் வழக்கம் முன்பு இல்லை. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல் அளக்கப்பட்டது. அந்த நெல்லுக்காக அவர் ஆண்டு முழுவதும் அழைத்த வீட்டிற்குச் செல்ல வேண்டும். திண்ணையோரத்திலோ மரத்தடியிலோ அமர்ந்து வேலை செய்ய வேண்டும். திருமணத்திலும் இழவிலும் சடங்குப் பணிகளைச் செய்ய வேண்டும். அங்கே உறவு இருந்தது. ஆனால் அது தளையாக இருந்தது. தந்தை செய்ததை மகனும் செய்தாக வேண்டும். மறுக்கும் உரிமை இல்லை. கடல் கடந்து பினாங்கு போன்ற நகரங்களுக்கு வந்தபோது கடை என்று ஒன்று அமைந்தது. கதவு திறக்கும் நேரமும் மூடும் நேரமும் கடைக்காரர் கையில் வந்தன. விலைப்பட்டியல் சுவரில் தொங்கியது. வாடிக்கையாளர் கடையைத் தேடி வந்தார்; கடைக்காரர் வீடுவீடாகச் செல்ல வேண்டியதில்லை. முன்பு மரத்தடியில் நின்றிருந்த நாற்காலியற்ற தொழில், சுழலும் நாற்காலியும் எதிரெதிர்க் கண்ணாடியும் உடைய தொழிலாயிற்று. காசு மனிதனைச் சிறுமைப்படுத்தும் என்று பலர் சொல்வர்; இத்தொழிலில் காசு மனிதனை விடுவித்தது. ஆகவே, "கூலி கொடுத்தேன், கணக்குத் தீர்ந்தது" என்பதை முற்றிலும் இழிந்த சொல் எனத் தள்ள இயலாது.

எனினும், காசினால் தீரக்கூடியது உழைப்பின் கணக்கு மட்டுமே. அக்கடையில் உழைப்பு ஒன்றுதானா கைமாறுகிறது? முகச்சவரம் செய்துகொள்பவர் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடுகிறார். மனித உடலில் மிக எளிதில் உயிர் பிரியக்கூடிய இடம் கழுத்து. அவ்விடத்தில் கூரிய கத்தி ஓடுகிறது. பின்னர்த் தலையைப் பிடித்துவிட்டு, கழுத்தை இருபுறமும் திருப்பிச் சொடுக்கெடுப்பதும் உண்டு. தன் பணப்பையை அறிமுகமற்ற ஒருவரிடம் ஒரு நிமிடம் கொடுத்து வைக்கத் தயங்கும் மனிதன், தன் கழுத்தைத் தயக்கமின்றிக் கொடுக்கிறான். இந்நம்பிக்கைக்கு விலைப்பட்டியலில் இடமில்லை. இருவரும் ஒருவரையொருவர் மனிதராக ஏற்றுக்கொண்டாலன்றி இது நிகழாது.

பழங்காலத்தவர் இதனை ஓரளவு உணர்ந்திருந்தனர். கத்தியை ஆளத் தெரிந்த கையே கட்டியைக் கீறவும் புண்ணை ஆற்றவும் பயன்பட்டது. தமிழகத்தில் முடிதிருத்தும் தொழில் செய்த குலத்தாருக்கு மருத்துவர் என்னும் பெயரும் உண்டு. அக்குலத்துப் பெண்கள் மருத்துவச்சிகளாய்ப் பிள்ளைப்பேறு பார்த்தனர். ஐரோப்பாவிலும் இதுவே நிலை. இலண்டன் மாநகரில் 1540ஆம் ஆண்டில் முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவரும் ஒரே தொழிற்கழகமாக இணைக்கப்பட்டனர். 1745ஆம் ஆண்டில்தான் பிரிந்தனர். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் பெரும் அறுவை மருத்துவராக விளங்கிய அம்புருவாசு பாரே, முடிதிருத்துவோர் மரபிலிருந்து எழுந்தவரே. ஒரே கத்தியைப் பிடித்த இரு கைகளுள் ஒரு கை பின்னர் உயர்ந்த கை ஆயிற்று. மற்றொன்று தாழ்ந்த கை என்று பேசப்பட்டது. கத்தி தாழவில்லை, நம்பிக்கையும் குறையவில்லை. மாறியது சமூகத்தின் பார்வை மட்டுமே.

அப்பார்வை எங்கே பிறந்தது? மயிரின்பால் மனிதன் கொண்ட விந்தையான எண்ணத்தை இங்கே கருதலாம். தலையில் இருக்கும்வரை அது அழகு. எண்ணெயும் பூவும் அதற்கு உண்டு. தரையில் விழுந்தவுடன் அது குப்பை. நிலையிலிருந்து தாழ்ந்த மாந்தருக்குத் தலையிலிருந்து வீழ்ந்த மயிரை உவமை காட்டினார் வள்ளுவர். அதே மானம் என்னும் அதிகாரத்தில், மயிரை இழந்தால் உயிர் வாழாத கவரிமாவையும் காட்டினார். மானத்தைப் பேச வந்த இடத்தில் அப்பெரியார் இருமுறை மயிரை எடுத்தாண்டது எண்ணத்தக்கது. ஆனால் அவர் உவமை சொன்னது தன் நிலையினின்று தானே தாழ்பவனுக்கு. விழுந்த மயிரைக் கூட்டியெடுப்பவருக்கு அன்று. சமூகமோ உவமையைத் தவறான இடத்தில் பொருத்திவிட்டது. குப்பையைப் படைத்தவன் உயர்ந்தவன், குப்பையை அகற்றியவன் தாழ்ந்தவன் என்னும் தலைகீழ்க் கணக்கைப் போட்டது. இத்தொழிலின் பெயரையே வசைச்சொல்லாக வழங்கும் பழக்கம் இன்னும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை.

தைப்பூசத் திருநாளில் இக்கணக்கின் பொய்மை வெட்டவெளிச்சமாகும். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் முடி காணிக்கை செலுத்துகின்றனர். தாய் மடியில் அமர்ந்து அழும் குழந்தையும், நோய் தீர்ந்து வந்த முதியவரும் வரிசையில் அமர்கின்றனர். இறைவனுக்குத் தலை கொடுக்கும் அப்புனித நேரத்திலும், பக்தனுக்கும் இறைவனுக்கும் இடையில் நின்று காணிக்கையை வாங்கித் தருவது முடிதிருத்துபவரின் கையே. கோயில் வாயிலில் தூயதாக இருந்த கை, திருமணப் பந்தியில் எப்படித் தாழ்ந்த கை ஆகும்?

பந்தியில் பார்வையைத் திருப்பிக்கொண்ட வாடிக்கையாளரிடம் இதைக் கேட்டால், அவர் தம்மைச் சாதி பார்ப்பவர் என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டார். "எனக்கு ஒன்றுமில்லை, அருகில் இருந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்றுதான்" என்பார். இவ்விடை மிகப் பழையது; கண்டங்கள் கடந்தது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளுக்கு நேர்ந்த நிகழ்ச்சியொன்று இவ்விடையின் உண்மைப் பொருளை விளக்கும்.

பிரிட்டோரியா நகரில் காந்தியடிகள் ஓர் ஆங்கிலேயரின் முடிதிருத்தும் கடைக்குச் சென்றார். கடைக்காரர் அவருக்கு முடிவெட்ட இகழ்ச்சியோடு மறுத்துவிட்டார். காந்தியடிகளின் உள்ளம் புண்பட்டது. உடனே முடிவெட்டும் கருவி ஒன்றை வாங்கி வந்து, கண்ணாடி முன் நின்று தாமே தம் முடியை வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருவாறு அமைந்தது, பின்பக்கம் கெட்டது. நீதிமன்றத்தில் நண்பர்கள் கண்டு நகைத்து, எலி கடித்ததோ என்று வினவினர். இந்நிகழ்ச்சியைத் தம் சத்திய சோதனையில் எழுதிய காந்தியடிகள், கடைக்காரரைக் குறை கூறவில்லை. கறுப்பருக்கு வெட்டினால் அவருடைய வெள்ளை வாடிக்கையாளர்கள் கடையை விட்டு நீங்கிவிடுவர் என்பதை உணர்ந்திருந்தார். அதனோடும் நின்றாரில்லை. இந்தியாவில் உயர்குலத்தார் தங்களுக்கு முடிதிருத்துவோரைத் தீண்டப்படாதோர் எனப்பட்ட மக்களுக்கு வெட்டவிடுவதில்லை என்பதை எண்ணினார். அதன் பயனே தமக்கு அந்நிய மண்ணில் கிடைத்தது என்று கருதியமையால் சினம் தணிந்தார்.

இதில் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. மறுத்தது கடைக்காரரின் வாய். மறுக்கச் செய்தது, அங்கே இல்லாத வாடிக்கையாளரின் கண். ஒரு கடை யாரை ஏற்கிறது, யாரை விலக்குகிறது, எதை விற்கிறது, எதை விற்க நாணுகிறது என்பதையெல்லாம் முதலாளி மட்டும் முடிவு செய்வதில்லை. நாள்தோறும் வந்து அமரும் வாடிக்கையாளர்கள் வாய் திறவாமலே முடிவு செய்கின்றனர். எனவே, "நான் காசு கொடுத்து வேலை வாங்குபவன், கடையின் அறத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை" என்று எந்த வாடிக்கையாளரும் கைகழுவ இயலாது. அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அக்கடையின் நன்மையிலும் தீமையிலும் அவருக்குப் பங்குண்டு.

சட்டம் இதனைக் கண்டுகொண்டது. இந்திய அரசியல் சட்டம் 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், கடை என்பதற்கு விளக்கம் கூறுமிடத்தில் சலவை நிலையத்தையும் முடிதிருத்தும் நிலையத்தையும் பெயர் சொல்லியே சேர்த்தது. நாட்டின் பாராளுமன்றம் முடிதிருத்தும் கடையைத் தேடிப் பெயர் குறிக்க வேண்டியிருந்தது என்றால், மனிதனை மனிதன் விலக்கும் நோய் அந்நாற்காலி வரை வேரோடியிருந்தது என்பதே பொருள். சட்டம் நாற்காலியைத் திறந்துவிட்டது. அது செய்யக்கூடியது அவ்வளவே. பந்தியில் ஒருவரைக் கண்டு முகம் மலரும்படி எந்தச் சட்டமும் கட்டளையிட முடியாது. சட்டம் நிற்கும் இடத்திலிருந்துதான் வாடிக்கையாளரின் மனச்சான்று நடக்கத் தொடங்க வேண்டும்.

மலாயா மண்ணுக்கு இச்சிந்தனை புதியதன்று. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வருகை புரிந்தபோது முதலில் வந்திறங்கியது பினாங்கில்தான். தன்மானத்தைப் பற்றிய பேச்சு இங்குள்ள தமிழரிடையே அன்றே வேகம் பெற்றது. இன்று சூலியா தெருவின் சுற்றுப்புறத்தில், ஒரே நாற்காலியில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் வெளிநாட்டுப் பயணியும் ஒருவர் பின் ஒருவராய் அமரக்கூடும். நாற்காலியில் வேற்றுமை நீங்கிவிட்டது. நாற்காலியின் பின்னால் நிற்பவரைப் பற்றிய எண்ணத்தில் நீங்கிவிட்டதா என்பதே எஞ்சி நிற்கும் வினா.

கடன் வாடிக்கையாளருக்கு மட்டுமே உரியது என்று கூறினால் அது நடுநிலை ஆகாது. கண்ணை மூடியவருக்குக் கண் திறந்திருப்பவர் பட்ட கடன் அதனினும் பெரிது. பயன்படுத்திய சவரத் தகட்டை மீண்டும் பயன்படுத்தினால், குருதி வழியே பரவும் கல்லீரல் அழற்சி முதலிய நோய்கள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லக்கூடும். ஒருவருக்கு ஒரு தகடு என்னும் ஒழுங்கை வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது காப்பது எளிது. அவர் கண்ணயர்ந்த பின்னரும் புதுத் தகட்டை உறையிலிருந்து எடுப்பதே தொழிலறம். நீண்டநாள் வாடிக்கை கடைக்காரருக்கும் ஒரு சோதனைதான். புதிதாக வருபவருக்குக் கவனமாக வெட்டும் கை, "இவர் எங்கே போய்விடப் போகிறார்" என்று பழகியவரிடம் அசட்டையாவது உண்டு. பழக்கம் நம்பிக்கையை வளர்க்க வேண்டும்; சோம்பலை வளர்த்தால் அது வாடிக்கை அன்று, ஏமாற்று.

பெண்கள் செல்லும் ஒப்பனை நிலையத்துக்கும் இது பொருந்தும். நூலிட்டுப் புருவம் திருத்தவும் மருதாணி இடவும் மணப்பெண் ஒப்பனைக்கும் செல்லும் பெண், முகத்தோடு தன் மனத்தையும் அங்கே திறந்து வைக்கிறாள். வீட்டில் சொல்ல முடியாததை ஒப்பனை செய்பவளிடம், "அக்கா, உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்" என்று சொல்கிறாள். அந்தச் சொல்லை அடுத்த நாற்காலிக்குக் கடத்தாமல் காப்பது ஒரு கடன். மற்றொன்று அதனினும் அரிது. வந்தவளின் நிறத்தைக் காட்டி, "இப்படிக் கறுத்துப் போயிருக்கிறீர்களே" என்று அஞ்சவைத்து, வெண்மை தரும் குழைமத்தை விற்பது எளிய வணிகம். முகத்தை வெளுக்கச் செய்யும் குழைமங்கள் சிலவற்றில் உடலுக்குக் கேடு விளைக்கும் பாதரசம் கலக்கப்படுகிறது; 2013ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஏற்ற மினமாத்தா உடன்படிக்கை அத்தகைய ஒப்பனைப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு அக்கேடு பரவியிருந்தது. பாதரசம் கலவாத குழைமமாயினும், ஒரு பெண்ணுக்குத் தன் முகத்தின்மீதே வெறுப்பை ஊட்டி அவ்வெறுப்பை முதலாக வைத்துப் பொருளீட்டுவது அறமாகாது. ஒரு நாள், "உங்களுக்கு இது தேவையில்லை" என்று சொல்லி அனுப்பும் துணிவு எந்தக் கடைக்கு உண்டோ, அக்கடைக்கே வாடிக்கை என்னும் சொல் தகும்.

பிழை நேரும் நாளில் இருவர் அறமும் சோதிக்கப்படும். கத்தரி சற்றே தவறிவிட்டது; ஒரு பக்கம் குறைந்துவிட்டது. கடை அதிர இரைந்து, அங்குள்ளோர் முன் தொழிலாளியைச் சிறுமைப்படுத்துவோர் உண்டு. வாய் திறவாது காசைக் கொடுத்துவிட்டு, மீண்டும் அப்பக்கமே தலைகாட்டாதவர்களும் உண்டு. ஊரெல்லாம் குறை கூறுவர், உரியவரிடம் கூறமாட்டார். முன்னவர் மனிதரை மறந்தார். பின்னவர் உறவை மறந்தார். "அண்ணே, இந்தப் பக்கம் குறைந்துவிட்டது போல் தெரிகிறதே" என்று தாழ்ந்த குரலில் சொல்வதும், "ஆமாம், என் பிழைதான், சரிசெய்து தருகிறேன்" என்று மறைக்காமல் ஏற்பதும் ஒன்றுக்கொன்று ஈடான பண்புகள். முடி வளர்ந்துவிடும், அவமதிப்பு வளராமல் காக்க வேண்டும்.

இன்றைய நிலையில் இக்கடன் மேலும் கூர்மை பெற்றுள்ளது. மலேசியாவில் முடிதிருத்தும் கடைகள் பல, தமிழ்நாட்டிலிருந்து வரும் தொழிலாளரை நம்பி இயங்குவன. 2009ஆம் ஆண்டு முதல் முடிதிருத்தகம், துணிக்கடை, பொற்கொல்லர் தொழில் ஆகிய மூன்றுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் அம்மூன்றுக்குமாக 7,500 பேரை அனுமதிக்க இசைந்துள்ளதாக அரசு அறிவித்தது. உள்ளூர் இளைஞர்கள் இத்தொழிலை நாடாதது ஏன் என்று அப்போதெல்லாம் பேசப்பட்டது. வருவாய், வேலை நேரம் எனக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும், தந்தை பந்தியில் எழ முற்பட்டு மீண்டும் அமர்ந்ததைக் கண்ட மகன், அத்தொழிலைத் தன் தொழிலாக ஏற்பானா? மதிப்பில்லாத நாற்காலியின் பின்னால் நிற்க எவர் பிள்ளை விரும்பும்? ஆள் பற்றாக்குறை என்பதில் மதிப்புப் பற்றாக்குறையும் கலந்துள்ளது.

ஜார்ஜ் டவுனின் கட்டடங்களுக்கும் ஒரு கதை உண்டு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 1999ஆம் ஆண்டின் முடிவோடு நீங்கியது. பழங்கடைகளில் குறைந்த வாடகைக்கு இருந்தோர் பலர் இடம்பெயர நேர்ந்தது. 2008ஆம் ஆண்டு சூலையில் மலாக்காவோடு இந்நகரமும் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. சுவர்களும் ஓடுகளும் மதிப்பு மிக்கவையாயின. பயணியர் அவற்றைப் படம் பிடிக்கின்றனர். ஆனால், மரபுடைமை என்பது சுவர் மட்டுமன்று. அச்சுவருக்குள் ஒரு தலையும் ஒரு கையும் நம்பிக்கையோடு கூடும் பழக்கமும் மரபுடைமையே. அதனைக் காக்க அரசாணை போதாது. நாள்தோறும் வரும் வாடிக்கையாளரே அதன் காவலர்.

நம்பிக்கை எத்தகையது என்பதை 2020ஆம் ஆண்டு எல்லார்க்கும் காட்டியது. மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது, கடைகள் மூடப்பட்டன. ஏப்ரல் 10ஆம் நாள், முடிதிருத்தும் கடைகள் எளிய முடிவெட்டும் பணிக்குத் திறக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. வருவாயின்றி வாடியிருந்த தொழிலினர் மகிழ்ந்து கதவைத் திறந்திருக்கலாம். ஆனால் அத்தொழிலைச் சேர்ந்தவர்களிடமிருந்தே தயக்கமும் எதிர்ப்பும் எழுந்தன. ஒரு கையளவு தொலைவில் நின்று செய்யும் பணியில் இடைவெளி ஏது என்று அவர்கள் கேட்டனர். சில நாள்களில் அவ்விசைவு திரும்பப் பெறப்பட்டது. சூன் 10ஆம் நாள் முதலே கடைகள் மீண்டும் திறந்தன. பசித்த நேரத்தில் கிடைத்த வருவாயை, தங்கள் உயிரையும் பிறர் உயிரையும் எண்ணி ஏற்கத் தயங்கிய தொழிலைத் தாழ்ந்தது என்று எவர் சொல்லக்கூடும்? அம்மூன்று மாதத்தில் மலேசியர் பலர் வீட்டுக் கண்ணாடி முன் நின்று, காந்தியடிகளைப் போல் தம் பின்தலையைக் கெடுத்துக்கொண்டனர். கண்ணுக்கு எட்டாத தன் பின்பக்கத்தைச் செம்மைப்படுத்த மனிதனுக்கு இன்னொரு மனிதன் தேவை என்பதை அவர்கள் கற்றிருக்க வேண்டும்.

வாடிக்கை என்னும் சொல்லை வெறும் பழக்கம் என்று பொருள் கொள்வோர் உளர். பழக்கம் விலங்குக்கும் உண்டு. மாடும் வழக்கமான தொட்டியில் நீர் குடிக்கும். மனிதர் இருவர் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் நம்பி நடந்தால் அது பழக்கத்தின் எல்லையைக் கடந்து உறவாகிறது. அவ்வுறவுக்கு இருபுறமும் கடன் உண்டு. கண் மூடியபோதும் வஞ்சியாமை தொழில் செய்பவரின் கடன். கடைக்கு வெளியிலும் மதிப்பை மறவாமை வாடிக்கையாளரின் கடன். கூலியால் முதற்பங்கு தீரும். மதிப்பால் மட்டுமே மறுபங்கு தீரும்.

திருமண மண்டபத்தில் பந்தி இன்னும் முடியவில்லை. பார்வையைத் திருப்பிக்கொண்டவர் மீண்டும் திருப்பலாம். அதற்குப் பொருட்செலவு இல்லை. எழுந்து எதிர் வரிசைக்குச் சென்று, "வாங்கண்ணே, எப்போது வந்தீர்கள்? வீட்டில் எல்லாரும் நலமா?" என்று கேட்கலாம். அருகில் இருந்த பெரிய மனிதர்களும் அதனைக் காண்பார்கள். ஒருவர் கண்ணுக்கு அஞ்சி ஒருவர் முகம் திருப்பியது போலவே, ஒருவர் துணிவைக் கண்டு மற்றொருவர் முகம் மலர்தலும் உலக இயல்பே. அடுத்த மாதம் அவர் கடையில் அமர்ந்து தலை குனியும்போது, அக்குனிவில் நாணம் இராது. தலை கொடுத்த இடத்தில் மதிப்பையும் கொடுத்தவர் அவர். அவரே கடன் தீர்த்தவர்.